காசில் முளைத்த முடி

ரோமாபுரிச் சக்கரவர்த்தி டொமிஷியனிடம் எல்லாம் இருந்தது. பிரிட்டனிலிருந்து எகிப்து வரை நீண்ட சாம்ராஜ்யம், கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரும் படை, எதிர்த்து வாய் திறக்காத செனட் சபை. தலையில் முடி மட்டும் இல்லை.

இதை அவர் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கோ ஒரு மூலையில், எவனோ ஒருவன் இன்னொருவனின் மொட்டைத் தலையைக் கிண்டல் செய்தால்கூட, "நம்மளைத்தான் ஜாடையா பேசுறான்" என்று மனம் நொந்துபோவாராம். சூட்டோனியஸ் என்ற ரோமானிய எழுத்தாளர் இதையெல்லாம் ரசித்துப் பதிவு செய்திருக்கிறார். நொந்ததோடு நின்றாரா? கேசப் பராமரிப்பு பற்றி ஒரு புத்தகமே எழுதினார்! 'முப்பதே நாளில் கருகரு கூந்தல்' விளம்பரங்களுக்கு ஆதிகுரு யார் என்று இனி நீங்கள் குழம்ப வேண்டாம்.

இப்போது டொமிஷியனின் வெண்கலக் காசு ஒன்றைப் பாருங்கள். அடேங்கப்பா! சுருள் சுருளாக, அலை அலையாக, கழுத்து வரை இறங்கும் கேசம். அதன் மேல் வெற்றி வாகை. சீப்பு உள்ளே போனால் திரும்பி வராது. ஃபோட்டோஷாப் வருவதற்கு 1,900 வருடங்களுக்கு முன்பே அந்த வேலையைக் கையால் செய்த ஒரு மகா கலைஞன் ரோம் நாணயச்சாலையில் அச்சு வெட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கூலி எவ்வளவோ, உயிர் மிச்சம்.

ரோமானியக் காசுகளைப் படிக்க லத்தீன் தெரிய வேண்டும் என்பார்கள். தேவையே இல்லை. ஒரு விதி போதும்: காசில் எதைப் பெரிதாகப் பொறித்திருக்கிறார்களோ, அது அப்போது ஊரில் இல்லை என்று அர்த்தம். 'ஒற்றுமை' என்று இருந்தால் வெட்டுக்குத்து நடக்கிறது. 'நிரந்தர அமைதி' என்றால் எல்லையில் எவனோ வந்துவிட்டான். 'படையின் விசுவாசம்' என்று போட்டிருந்தால், மன்னர் அநேகமாகக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறார்.

தங்கமும் வெள்ளியும் பெரிய மனிதர் சமாச்சாரம். வாசகர்களாகிய நமக்கு வெண்கலம்தான் சரி. வெண்கலம் என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, கி.மு. 23-ஐ ஒட்டி அகஸ்டஸ் செய்த சீர்திருத்தத்துக்குப் பிறகு பெரிய காசுகள் பித்தளை, சின்னவை செம்பு. பெரியதன் பெயர் செஸ்டெர்டியஸ். சுமார் 25 கிராம் கனம், உள்ளங்கை நிறைய இருக்கும். அதில் கால் பங்கு மதிப்பு 'ஆஸ்'. அந்த ஆஸில் கால் பங்கு 'குவாட்ரன்ஸ்'. பாம்பேய் நகரத்து ஒயின் கடைச் சுவர் ஒன்றில் விலைப்பட்டியலே எழுதி வைத்திருக்கிறார்கள்: ஒரு ஆஸுக்கு சாதா சரக்கு, இரண்டு ஆஸுக்கு சுமார் சரக்கு, நாலு ஆஸுக்கு ஃபலெர்னியன் என்ற அசல் சரக்கு. ஆகவே, குடிமகனிடம் (எந்த அர்த்தத்தில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்) அரசாங்கம் நினைத்ததைச் சொல்ல, தினமும் அவன் கைக்கு வந்துபோகும் இந்தக் காசைவிட நல்ல மீடியம் கிடையாது.

ஆரம்பத்தில் இந்த விளம்பர மோகமெல்லாம் ரோமானியர்களுக்கு இல்லை. காசே இல்லையே! ஒன்றரைக் கிலோ எடையுள்ள வெண்கலக் கட்டிகளைத்தான் வைத்துக்கொண்டிருந்தார்கள். சிலவற்றில் மாட்டுப் படம். ஒன்றில் மட்டும் ஒரு பக்கம் யானை, மறுபக்கம் பன்றி. என்ன கூட்டணி இது என்று பார்த்தால், கி.மு. 280-ல் பிர்ரஸ் என்ற கிரேக்க மன்னர் யானைப் படையோடு இத்தாலிக்குள் இறங்கியது நினைவுக்கு வருகிறது. ரோமானியர்கள் யானையைப் போர்க்களத்தில் பார்த்ததில்லை. பன்றிகளை அவிழ்த்துவிட்டதும் அவை போட்ட கூச்சலில் யானைகள் மிரண்டு ஓடின என்று ஒரு பழைய கதை உண்டு. கதை நிஜமானால், ரோமாபுரி ஒரு போரின் உண்மையான ஹீரோவுக்குப் பாரபட்சமில்லாமல் படம் போட்டுக் கௌரவித்த அபூர்வமான தருணம் அது.

அப்புறம் வட்டக் காசு வந்தது. ஒரு ஆஸ் 324 கிராம். தட்டச்சுப் பிழை இல்லை, ஒரே ஒரு காசுதான் கால் கிலோவுக்கு மேல். ஒரு பக்கம் இரண்டு முகம் கொண்ட ஜானஸ் தெய்வம். (அரசாங்கக் காசுக்கு இதைவிடப் பொருத்தமான தெய்வம் எங்கே கிடைக்கும்?) மறுபக்கம் கப்பலின் முன்பகுதி. ரோமானியப் பொடியன்கள் காசைச் சுண்டி "தலையா, கப்பலா?" என்று விளையாடினார்கள். பழைய 324 கிராம் காசை வைத்து விளையாடியவர்களில் எத்தனை பேருக்குக் கால் கட்டைவிரல் மிஞ்சியது என்பதற்கு ஆவணம் இல்லை.

பயப்பட வேண்டாம், காசு சீக்கிரமே இளைத்துவிட்டது. ஹன்னிபாலோடு மல்லுக்கட்டிக் கஜானா காலியானபோது அதே ஆஸ் 50 சொச்சம் கிராமுக்கு வந்திருந்தது. அகஸ்டஸ் காலத்தில் சுமார் 11 கிராம். பெயர் மட்டும் மாறவே இல்லை. நம்மூர் பிஸ்கட் பாக்கெட் கம்பெனிகள் இந்த வித்தையைப் புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தால் பாவம்.

குடியரசு காலத்தில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. உயிரோடு இருப்பவன் முகத்தைக் காசில் போடுவதில்லை. தெய்வம் போடலாம், செத்துப்போன தாத்தா போடலாம். கி.மு. 44-ல் ஜூலியஸ் சீசர் இந்த வழக்கத்தை உடைத்துத் தன் முகத்தைப் போட்டுக்கொண்டார். அவருக்கும் உச்சியில் முடி கம்மி. வாகை மாலையைப் போர்த்தி மறைத்துக்கொள்வார். (இந்தக் கட்டுரை ஏன் முடியையே சுற்றிச் சுற்றி வருகிறது என்று கேட்காதீர்கள். வரலாறு அப்படி.) "ராஜாவாகப் பார்க்கிறான்!" என்று கொதித்த புரூட்டஸும் கூட்டாளிகளும் மார்ச் 15 அன்று அவரைக் குத்திக் கொன்றார்கள். இரண்டு வருடத்துக்குள் புரூட்டஸ் கொண்டாட்டமாக ஒரு காசு வெளியிட்டார். பின்பக்கம் இரண்டு குத்துவாள். முன்பக்கம்? புரூட்டஸின் முகம்! அது வெள்ளிக் காசுதான், நம் தலைப்பில் வராது. ஆனாலும் இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அகஸ்டஸ் சீசரைவிடச் சமர்த்து. பித்தளை, செம்புக் காசுகளில் எஸ், ஸி என்று இரண்டு பிரம்மாண்டமான எழுத்துகளைப் போட வைத்தார். 'செனட்டின் தீர்மானப்படி' என்று பொருள். படை என்னிடம், கஜானா என்னிடம், எகிப்து என்னிடம், இந்தாருங்கள் உங்களுக்கு இரண்டு எழுத்து! செனட்டர்கள் பெருமையோடு வாங்கிக்கொண்டார்கள். அடுத்த இருநூறு சொச்சம் வருடங்களுக்கு அந்த இரண்டு எழுத்துதான் அவர்களுக்கு மிஞ்சிய பதவி.

அகஸ்டஸின் முகத்தையும் பார்த்துவிடுவோம். 75 வயது வரை வாழ்ந்தவர். பல் சொத்தை, நடுநடுவே இடைவெளி. உயரமாகத் தெரிய அடி தடித்த செருப்பு போடுவார். எல்லாம் நம் சூட்டோனியஸ் உபயம். காசிலோ கடைசி வரை களையான இளைஞன். அறுபது வயதில் முதுகில் பை மாட்டிக் காலேஜுக்குப் போகும் நம் ஹீரோக்களைக் கேலி செய்கிறவர்கள், இவருக்கு முன்னால் எழுந்து நிற்க வேண்டும்.

அதே காலத்தில் இன்றைய பிரான்ஸிலுள்ள நீம் நகரத்தில் ஒரு காசு அடித்தார்கள். முன்பக்கம் அகஸ்டஸும் அவருடைய தளபதி அக்ரிப்பாவும் முதுகோடு முதுகு ஒட்டி, சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி ஆளுக்கொரு திசை பார்க்கிறார்கள். பின்பக்கம் பேரீச்ச மரத்தில் சங்கிலி போட்டுக் கட்டிய ஒரு முதலை. எகிப்தைப் பிடித்துவிட்டோம் என்பதற்குப் படவிளக்கம். கடையில் சில்லறை இல்லாவிட்டால் "இறங்கும்போது வாங்கிக்கோ" என்று சொல்கிற கண்டக்டர் சுபாவம் அங்கே கிடையாது. ஒரே வெட்டு, காசு இரண்டாகிவிடும். ஒரு பாதியோடு அகஸ்டஸ், இன்னொரு பாதியோடு அக்ரிப்பா. முதலையை யாரும் மறக்கவில்லை. நீம் நகரத்தின் சின்னம் இன்றைக்கும் மரத்தில் கட்டிய முதலைதான். ஊரில் நைல் நதிதான் பாக்கி.

சரி, விதிக்கு வருவோம். முதல் சாட்சி கலிகுலா.

இவர் கி.பி. 37-ல் பட்டத்துக்கு வந்த கையோடு ஒரு செஸ்டெர்டியஸ் வெளியிட்டார். பின்பக்கம் தன் மூன்று தங்கைகள், பெயரோடு. மூத்தவள் அக்ரிப்பினா 'பாதுகாப்பு' தேவதையாக. அடுத்தவள் துருசில்லா 'ஒற்றுமை'. கடைக்குட்டி ஜூலியா 'அதிர்ஷ்டம்'. பாசமலர் அண்ணன்! 38-ல் 'ஒற்றுமை' செத்துப்போனாள். 39-ல் தன்னைக் கொல்லச் சதி செய்ததாக 'பாதுகாப்பை'யும் 'அதிர்ஷ்டத்தை'யும் அண்ணனே நாடு கடத்தினார். இந்தப் 'பாதுகாப்பு' பின்னால் திரும்பி வந்து, சித்தப்பா கிளாடியஸைக் கல்யாணம் செய்துகொண்டு, அவருக்குக் காளான் கறியில் விஷம் வைத்ததாகப் பேர் வாங்கினாள். கடைசியில் பெற்ற பிள்ளை நீரோவே அவளைக் கொன்றான். காசை மட்டும் வைத்துக் குடும்பக் கதை எழுதினால் எவ்வளவு இனிமையாக இருந்திருக்கும்!

கலிகுலாவின் சின்னக் காசில் ஒரு தொப்பியும் ஆர்.சி.சி. என்ற எழுத்துகளும் இருக்கும். கான்கிரீட் இல்லை. ஏலத்தில் விற்கும் பொருளுக்குப் போட்டிருந்த அரை சதவீத வரியை ரத்து செய்துவிட்டேன் என்ற அறிவிப்பின் சுருக்கம். தொப்பி, விடுதலையான அடிமை அணிவது. அரை சதவீதத்துக்கே அடிமை விலங்கு உடைந்துவிட்டதாம்! பின்னால் பணம் தீர்ந்ததும் இவரே சாப்பாட்டுக்கு வரி, வழக்குக்கு வரி, சுமை தூக்குகிறவனுக்கு வரி, விலைமாதர்களுக்கு வரி என்று போட்டுத் தள்ளினார். அதையும் காசில் போட்டாரா? ஜனங்கள் நச்சரித்ததால் ஒரு இண்டு இடுக்கில், கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்தில் ஒட்ட வைத்தார். வரி விலக்கு காசில், வரி விதிப்பு பொடி எழுத்தில். 'கண்டிஷன்ஸ் அப்ளை' பிறந்த கதை இதுதான்.

கி.பி. 41-ல் கலிகுலாவை மெய்க்காவலர்களே முடித்தார்கள். இருமுறை யோசித்து, கொஞ்ச காலம் கழித்து, அவருடைய செம்புக் காசுகளை எல்லாம் உருக்கும்படி செனட் தீர்மானம் போட்டது. 'செனட்டின் தீர்மானப்படி' உண்மையிலேயே ஏதோ ஒன்று நடந்த அரிய சந்தர்ப்பம். உருக்கிய உலோகம் என்ன ஆயிற்று? புதுச் சக்கரவர்த்தி கிளாடியஸின் அப்போதைய மனைவி மெஸ்ஸலினா அதை வைத்து ம்னெஸ்டர் என்ற நடனக்காரருக்குச் சிலைகள் செய்துகொண்டாள் என்கிறார் வரலாற்றாசிரியர் டியோ காசியஸ். அந்த நடனக்காரர் அவளுடைய காதலர். கொடுங்கோலனின் முகம் ஒரு கூத்தாடியின் முழங்காலாக மாறியதில், கலைக்கு லாபம்தான்.

இனி நீரோ. இவரைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் இவருடைய செஸ்டெர்டியஸ்கள் நிஜமாகவே அழகு. ரோமானிய நாணயக் கலையின் உச்சம் என்று ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். முகத்தில் மட்டும் செதுக்குபவன் சமரசம் செய்யவில்லை. தாடைக்குக் கீழே கழுத்து என்று தனியாக எதுவும் இல்லை. தலைமுடி படிப்படியாக வாரிவிடப்பட்டு ஸ்டேர்கேஸ் மாதிரி நிற்கிறது. வருடம் ஏற ஏறக் காசில் ஆளும் ஏறுகிறார். நீரோவுக்கு இது உறுத்தவே இல்லை. கலைஞன் கொஞ்சம் புஷ்டியாக இருந்தால் என்ன?

ஆம், அவர் தன்னைக் கலைஞன் என்றே நம்பினார். ஒரு ஆஸ் காசின் பின்பக்கம், தரை புரளும் அங்கியோடு ஒருவர் யாழ் மீட்டிக்கொண்டு நடந்து போகிறார். அப்போலோ தெய்வம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஊருக்கே தெரியும், அது நீரோ. அவர் பாடும்போது அரங்கின் கதவுகளைச் சாத்திவிடுவார்கள். உள்ளேயே பிரசவம் ஆன பெண்கள் உண்டு, செத்த மாதிரி நடித்து வெளியே தூக்கிப் போகச் சொன்ன ரசிகர்கள் உண்டு என்கிறார் சூட்டோனியஸ். ஒலிம்பியாவுக்குப் போய்ப் பத்துக் குதிரை பூட்டிய ரதத்தை ஓட்டிக் கீழே விழுந்து, போட்டியையே முடிக்காமல், முதல் பரிசு வாங்கி வந்தார். நடுவர்கள் குடும்பஸ்தர்கள்.

நீரோவின் இன்னொரு செஸ்டெர்டியஸ், ரோமுக்குப் பக்கத்திலுள்ள ஆஸ்டியா துறைமுகத்தை மேலிருந்து டிரோன் ஷாட்டில் காட்டுகிறது. வளைந்த அலைதடுப்புச் சுவர்கள், உள்ளே பாய் விரித்த கப்பல்கள், கீழே சாய்ந்து படுத்த நீர்த் தெய்வம். மூன்று சென்டிமீட்டர் சொச்சத்துக்குள் ஒரு துறைமுகமே! பார்த்தால் கப்பலை அங்கேதான் நிறுத்த வேண்டும் என்று தோன்றும். நிறுத்தினார்கள். கி.பி. 62-ல் அந்தத் துறைமுகத்துக்கு உள்ளேயே, பத்திரமாக நங்கூரமிட்டிருந்த ஏறக்குறைய 200 கப்பல்களைப் புயல் மூழ்கடித்தது என்று வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதுகிறார். அதற்குப் பிறகு ஓரிரு வருடங்களில் வந்ததுதான் இந்த விளம்பரக் காசு.

ஜானஸ் கோவில் கதவைச் சாத்திய காசும் இவருடையதே. சாம்ராஜ்யத்தில் எங்குமே போர் இல்லை என்றால்தான் அந்தக் கதவைச் சாத்துவார்கள். பல தலைமுறைக்கு ஒருமுறை நடந்தால் பெரிது. தரையிலும் கடலிலும் ரோம் மக்களுக்குச் சமாதானத்தைக் கொண்டுவந்து கதவைச் சாத்தினார் என்று நீரோ பெருமை அடித்துக்கொண்டார். கி.பி. 66-ல் யூதேயாவில் பெரும் கலகம் வெடித்தது. 68-ல் படைத்தலைவர்களே கிளம்பினார்கள். நீரோ தற்கொலை செய்துகொண்டார். கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை போலிருக்கிறது.

அடுத்த 69-ம் வருடம் நாலு சக்கரவர்த்திகள். ஒத்தோ என்பவர் விக் வைத்திருந்தார் (சொன்னேன் அல்லவா?). மூன்றே மாதம்தான் இருந்தார், ரோமில் அவர் பெயரில் வெண்கலக் காசே வரவில்லை. அவருக்கு அடுத்த விட்டெலியஸுக்கு முகத்தைவிட மோவாய் அதிகம். தினம் மூன்று நாலு விருந்து. அவருடைய தம்பி வைத்த ஒரு விருந்தில் 2,000 மீனும் 7,000 பறவையும் பரிமாறினார்களாம். காசின் விளிம்பு அந்த மோவாயைத் தாங்கி நிற்பதே உலோகவியல் சாதனை.

கடைசியாக வந்த வெஸ்பாசியன் என் விதிக்கு விதிவிலக்கு. எனக்குப் பிடித்த மனிதர். வழுக்கை, சுருக்கம், முண்டு நெற்றி எல்லாவற்றையும் அப்படியே காசில் போட அனுமதித்தார். எப்போதும் மலச்சிக்கலில் அவதிப்படுகிறவர் மாதிரி ஒரு முகபாவம். அரசவையில் ஒரு விகடன் இதை நேராகவே சொல்லிக் கலாய்த்திருக்கிறான், சக்கரவர்த்தி தலையை வாங்கவில்லை. சிறுநீருக்கு வரி போட்டவரும் இவர்தான். அக்காலத்தில் துணி வெளுக்கவும் தோல் பதனிடவும் அதைச் சேகரிப்பார்கள். "அசிங்கமாக இல்லையா அப்பா?" என்று மூத்த மகன் டைட்டஸ் கேட்டபோது, வசூலான காசை அவன் மூக்குக்கு நேரே நீட்டி நாற்றம் அடிக்கிறதா என்று கேட்டார். அடிக்கவில்லை. இளைய மகன் யார் தெரியுமா? வழுக்கையை மறைத்த நம் டொமிஷியன். அப்பாவின் பொக்கிஷங்களில் தலையை மட்டும் வாரிசாகப் பெற்று, மனசைப் பெறாமல் போனார்.

டொமிஷியனின் பெரிய காசு ஒன்றில் ஜெர்மானியா அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். 'ஜெர்மனி பிடிபட்டது' என்று எழுத்து. பிடிபடவில்லை. கி.பி. 83-ல் எல்லையில் ஏதோ ஒரு சண்டை, அவ்வளவுதான். வெற்றி ஊர்வலத்துக்குக் கைதிகள் போதாமல், ஆட்களை விலைக்கு வாங்கி, ஜெர்மானியர் மாதிரி உடையும் தலைமுடியும் வைத்து நடக்கவிட்டார்கள் என்று டாசிடஸ் கேலி செய்கிறார். முடி வைத்துவிடும் விஷயத்தில் மட்டும் சக்கரவர்த்தியின் நிபுணத்துவத்தை யாரும் குறை சொல்ல முடியாது.

இவரே குவாட்ரன்ஸ் காசில் தன் முகத்துக்குப் பதிலாக ஒரு காண்டாமிருகத்தைப் போட்டார். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்து கொலோசியத்தில் காட்டிய இரட்டைக் கொம்பு மிருகம். பொதுக் குளியலறைக்குக் கட்டணம் அநேகமாக ஒரு குவாட்ரன்ஸ்தான். ஆக, ரோமானிய ஏழை கையில் காண்டாமிருகத்தோடு குளிக்கப் போனான். மறுபக்கம் டொமிஷியனின் பெயரும் பட்டமும். காண்டாமிருகத்துக்கும் தலையில் முடி கிடையாது. இந்த ஒற்றுமையை யாரும் அவரிடம் எடுத்துச் சொன்னதாகப் பதிவு இல்லை.

96-ல் அவரைக் கொன்றுவிட்டு நெர்வா என்ற வயோதிகரை உட்கார வைத்தார்கள். காசில் இவர் மூக்கு ஒரு தனி பிரமுகர். கைகுலுக்கும் இரண்டு கரங்களோடு 'படைகளின் ஒற்றுமை' என்று காசு விட்டார். உடனே தெரிந்திருக்குமே! 97-ல் மெய்க்காவல் படை அரண்மனையை முற்றுகையிட்டு, அவரை மிரட்டி, கேட்டதை வாங்கிக்கொண்டு போனது. ஆனால் இவருடைய இன்னொரு காசு உண்மை பேசுகிறது: இரண்டு கோவேறு கழுதைகள் புல் மேய்கின்றன, பின்னால் வண்டி சும்மா நிற்கிறது. அரசாங்கத் தபால் வண்டிச் செலவை இனி இத்தாலி ஜனங்கள் சுமக்க வேண்டாம் என்ற அறிவிப்பு. ரோமானியக் காசுகளிலேயே மெய்யான நிம்மதி தெரியும் முகங்கள் அந்தக் கழுதைகளுடையவை.

ஹாட்ரியனும் ஒரு நிஜம் செய்தார். 118-ல் ஜனங்கள் அரசாங்கத்துக்குக் கட்டாமல் வைத்திருந்த 90 கோடி செஸ்டெர்டியஸ் பாக்கியைத் தள்ளுபடி செய்து, கடன் பத்திரங்களை ரோம் நகரின் நடுவே கொளுத்தினார். ஒரு ஆள் தீவட்டியோடு பத்திரக் குவியலைக் கொளுத்துகிற காட்சி, தொகையோடு, செஸ்டெர்டியஸில் இருக்கிறது. கடன் தள்ளுபடிக்கு விளம்பரம் கொடுப்பது எந்தக் கட்சி ஆரம்பித்தது என்ற சண்டையை இனி விட்டுவிடலாம். சவரம் செய்த முகங்களுக்கு நடுவில் முதலில் தாடியோடு வந்த சக்கரவர்த்தியும் இவரே. கிரேக்கத் தத்துவத்தின் மேல் காதல் என்பார்கள். முகத்தில் இருந்த வடுவை மறைக்கத்தான் என்று ஒரு பழைய வாழ்க்கை வரலாறு போட்டு உடைக்கிறது. அதற்குப் பின் வந்தவர்கள், வடு இல்லாதவர்கள்கூட, வரிசையாகத் தாடி வளர்த்தார்கள்.

ஊர் சுற்றியான ஹாட்ரியன், போன மாகாணத்துக்கெல்லாம் காசு போட்டார். அவருடைய பூர்வீகமான ஸ்பெயினுக்கு ஒரு பெண், அவள் காலடியில் ஒரு முயல். ஏன் முயல்? அந்தப் பக்கம் முயல் தொல்லை அப்படி. பக்கத்துத் தீவுக்காரர்கள் முயல்களை ஒடுக்கப் படை அனுப்பச் சொல்லி அகஸ்டஸிடம் மனு கொடுத்ததாகப் பிளினி எழுதியிருக்கிறார். அடுத்த மன்னர் அன்டோனைனஸ் பயஸ் 154-ஐ ஒட்டி ஒரு காசில் பிரிட்டானியாவைப் பாறை மேல் சோகமாகக் கன்னத்தில் கை வைத்து உட்கார வைத்தார். தோற்றுப்போன நாடு என்று அர்த்தம். 1,500 வருடம் கழித்து, 1672-ல், இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் தேசியப் பெருமைக்குப் படம் தேடியபோது அந்த அம்மாவைத்தான் எடுத்துச் செப்புக் காசில் போட்டார். கன்னத்திலிருந்து கையை மட்டும் எடுத்துவிட்டார்.

கொமோடஸ் என்பவர் 192-ல் சிங்கத் தோலைத் தலையில் மாட்டிக்கொண்டு 'ரோமானிய ஹெர்குலிஸ்' என்று காசில் வந்தார். பன்னிரண்டு மாதங்களுக்கும் தன் பெயர்களையே வைத்தார், ரோம் நகரத்துக்கும் தன் பெயர். அரங்கில் ஒரு தீக்கோழியின் தலையை வெட்டி, செனட்டர்கள் பக்கம் வந்து, "அடுத்து நீங்கள்தான்" என்பதுபோல் ஆட்டிக் காட்டியபோது, செனட்டராக அங்கே இருந்த டியோ காசியஸுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் தலை போகும். தலையில் சூடியிருந்த வாகை இலைகளைப் பிய்த்து வாயில் போட்டு மென்று சமாளித்தார். அந்த வருடம் டிசம்பர் 31 அன்று ஹெர்குலிஸை நார்சிசஸ் என்ற மல்யுத்த வீரர் கழுத்தை நெரித்துக் கொன்றார். ஜனவரியில் மாதங்களுக்குப் பழைய பெயரே திரும்பிவிட்டது.

'ஒற்றுமை'யின் சிகரம் சக்கரவர்த்தி காரகல்லாவும் தம்பி கெட்டாவும். அண்ணன் தம்பி கைகோத்து நிற்கும் காசுகள் வந்தன. 211 டிசம்பரில் தாயின் மடியிலேயே தம்பியைக் கொல்ல வைத்தார் அண்ணன். கெட்டாவின் பெயர், முகம் எல்லாவற்றையும் அழிக்க உத்தரவு. சின்ன ஆசியாவின் ஸ்ட்ராடோனிசியா நகரத்துக் காசில் இருவரும் எதிரெதிரே பார்த்தபடி இருந்தார்கள். தம்பி முகத்தைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். காரகல்லா அந்தக் காலி இடத்தை இன்னும் முறைத்துக்கொண்டே இருக்கிறார்.

பிறகு சரிவுதான், சட்டென்று சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நூற்றாண்டில் வெள்ளிக் காசு என்ற பெயரில் வெள்ளி பூசிய செம்பு ஓடியது, அதில் வெள்ளி நூற்றுக்கு ஐந்து பங்குகூடத் தேறாது. கான்ஸ்டன்டைன் காலத்தில் 'படையின் பெருமை' என்று ஒரு வெண்கலக் காசு: இரண்டு சிப்பாய்கள், நடுவே இரண்டு கொடிக்கம்பங்கள். காசு சிறுத்தபோது இடம் போதாமல் ஒரு கம்பத்தை எடுத்துவிட்டார்கள். பெருமை அதே பெருமை, கம்பம் மட்டும் பாதி.

348-ல் கான்ஸ்டன்டைனின் பிள்ளைகள் கான்ஸ்டன்ஷியஸும் கான்ஸ்டன்ஸும் சேர்ந்து புதுக் காசு விட்டார்கள். அதில் எழுதியிருந்தது: நல்ல காலம் திரும்பி வந்துவிட்டது. குடுகுடுப்பைக்காரர் தெருவில் சொன்னால் ஒரு பழைய துணியோடு போய்விடும். இவர்கள் ஒரு சாம்ராஜ்யத்துக்கே சொன்னார்கள். இரண்டே வருடத்தில் கான்ஸ்டன்ஸைப் படைத்தலைவர் ஒருவர் தீர்த்துக்கட்டினார். 'நல்ல காலம்' எழுதிய காசும் பத்து வருடத்துக்குள் ஏறக்குறைய பாதி எடைக்கு வந்தது.

கடைசிக் கட்டத்தில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு வந்துவிட்ட செம்புக் காசில் 'அரசின் க்ஷேமம்' என்று போட்டார்கள். ஆண்டவர்கள் அண்ணன் ஆர்கேடியஸ், தம்பி ஹோனோரியஸ். 410-ல் கோத் இனத்தார் ரோமைச் சூறையாடினார்கள். "ரோம் போய்விட்டது!" என்று ஓடிவந்து சொன்னதும், "ஐயோ, இப்போதுதானே என் கையிலிருந்து தீனி தின்றது?" என்று ஹோனோரியஸ் பதறினாராம். அவர் வளர்த்த சேவலின் பெயர் ரோம். போனது நகரம்தான் என்று தெரிந்ததும் நிம்மதியானார். இது புரோகோபியஸ் சொல்லும் வதந்தி. வதந்தியாகவே இருக்கட்டும், ஹோனோரியஸைப் பற்றி யாரும் மறுக்கத் துடிக்கவில்லை.

இந்த இருவர் காசுகளும் நமக்கு அந்நியமில்லை. கரூரில் அமராவதி ஆற்றிலும் மதுரையில் வைகை மணலிலும் நாலு, ஐந்தாம் நூற்றாண்டு ரோமானியச் செம்புக் காசுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றைத் தேடிச் சேகரித்துப் புத்தகமே எழுதினார். இலங்கையில் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. அங்கே அசல் போதாமல் உள்ளூரிலேயே அதைப் போலவே அடித்துக்கொண்டார்கள். அந்த நகல்களில் மன்னர் மூக்கு எங்கேயோ, வாய் எங்கேயோ, லத்தீன் எழுத்து வெறும் கீறல்கள். கடைக்காரர் யாரும் "இது ஹோனோரியஸ் மாதிரி இல்லையே" என்று திருப்பிக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

ஆற்று மணலில் உங்களுக்கே ஒன்று அகப்பட்டால் ஒரே ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு எடுத்துப் போய்ப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பச்சை பூத்த மேல்தோலோடு முகமும் எழுத்தும் போய்விடும், மிஞ்சுவது ஒரு செப்புத் துண்டு. அப்புறம் சட்டம் வேறு இருக்கிறது. புதையல் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ம் வருடத்துப் புதையல் சட்டம். ஆமாம், 10 ரூபாய். எழுதிப் போட்டுவிடுங்கள்.